வீடு காட்டிய ஞாயிற்றுக்கிழமை

விற்கப்போகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது நீலத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும், சார். பார்க்க வருகிறவர்கள் வெளுப்பில் மயங்கி வெடிப்பை விட்டுவிடுவார்கள். ஆட்களின் புத்தி அவ்வளவுதான்.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு அது. கரிசல் மண். ஒவ்வொரு கோடையிலும் பின்சுவர் விரல் போகிற அளவுக்குப் பிளக்கும். அதில் என் அண்ணன் கருப்பண்ணன் மட்டும் குடியிருந்தார். ரிட்டயர்டு வாத்தியார், கல்யாணம் செய்துகொள்ளாதவர், மூச்சிழுப்பு நோய்க்காரர். எனக்கு வேப்பந்தட்டையில் உரக்கடை. விற்க அலைந்தது நான். அவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றிருந்தது. அதோடு அவர் நிற்கவில்லை.

2003இல் மூன்று பார்ட்டிகளைக் கூட்டி வந்தேன். மூவருக்கும் அண்ணன் பாடம் நடத்தினார். "சுவரு நிக்காதுங்க. கெணத்துத் தண்ணி உப்பு. யோசிச்சு வாங்குங்க." மூவரும் என் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பொய் சொல்லத் தெரியாதவரை ஊர் நல்லவர் என்கிறது. எனக்கு அவர் சோம்பேறியாகத்தான் தெரிந்தார். பொய்க்கு உழைப்பு வேண்டும்.

நான்காவது, லெப்பைக்குடிகாடு ஹபிபுல்லா. துபாயில் கடை வைத்திருந்தவர். மனைவி நஜீமாவோடு ஞாயிறு பத்து மணிக்கு வருவதாகப் போன் செய்தார். நான்கு நாள் கடையைச் சாத்திவிட்டு வேலை பார்த்தேன். வெடிப்பில் சிமெண்ட் அப்பினேன், கிணற்றடியில் பாசி சுரண்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் கதவுகளுக்கெல்லாம் பெயிண்ட். மீந்த டப்பாக்களும் டர்பன்டைனும் சாமான் அறைக்குப் போயின. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

கார் சத்தம் கேட்டதும் அண்ணனை அங்கே போய் உட்காரச் சொன்னேன்.

"இந்த வாடை எனக்கு ஆவாதுடா, செல்லதுரை."

"அரை மணி நேரந்தாண்ணே. அவங்க போனதும் தொறந்துடுறேன்."

நம்பினார். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடித்துக்கொள்ளும் மருந்து கூடத்து மேசையில் கிடந்தது. நோயாளி இருந்த வீடு என்று தெரியக் கூடாதே என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடுப்படியைக் காட்டும்போது தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க சத்தம்?" என்றார் நஜீமா.

"பூனைங்க. உள்ள மாட்டிக்கிச்சு போல."

"பாவம், தொறந்து விடுங்க."

பூனைக்கு இரங்குகிறவர்களுக்கு வீடு விற்பது சுலபம். சிரித்துக்கொண்டே மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர்த் தொட்டி, காற்று, தூரத்து மலை எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டினேன். இறங்கி வந்தபோது சத்தம் இல்லை. நிம்மதியாக இருந்தது. மறந்துவிட்டதாகச் சொல்லும்படி வக்கீல் சொல்கிறார். நான் மறக்கவில்லை. காபி கலந்து கொடுத்தேன்.

ஹபிபுல்லா டம்ளரைக் கீழே வைத்தார். "வூட்டை இடிச்சுட்டுத்தாங்க கட்டப் போறோம். சுவரு, தண்ணி எல்லாம் உங்க அண்ணன் போன வாரமே எங்க ஊருக்கு பஸ் ஏறி வந்து சொல்லிட்டாரு. வாங்குனா இப்படிப்பட்ட மனுசன்கிட்டதான் வாங்கணும்னு நஜீமா ஒத்தக்கால்ல நிக்குது. எங்க அவரு?"

"வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போயிருக்காருங்க."

கார் தெருமுனை திரும்பிய பிறகு தாழ்ப்பாளை எடுத்தேன். கதவில் சாய்ந்திருந்தவர் என் காலடியில் சரிந்தார். ஈரம் காயாத பெயிண்டில் பத்து விரலும் இழுபட்டிருந்தன. கதவை மறுபடி அடிக்க வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது.

அண்ணனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், சார். பஸ் ஏறிப் போய் யாரோ ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னவர், கூடப்பிறந்த என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்படிப்பட்டவரை எப்படி நம்புவது?