அறுவத்தெட்டாவது வளைவு

மீட்டரப் பாக்கச் சொல்லாதீங்க சதீஷ்குமாரு. எறக்கத்துல உருட்டி வுட்டா பூசணிக்காகூட லிட்டருக்கு முப்பது குடுக்கும். மலமேல செம்மேட்டுல ஏத்தி, அடிவாரத்துல காளப்பநாயக்கன்பட்டியில எறக்கி, பாருங்க மைலேஜுன்னு காட்டியே எத்தன வண்டிய எங்காளுக தலையில கட்டியிருக்கறாங்க தெரியுங்களா? திரும்பி ஏறறப்பச் சொல்லட்டும் உங்க மீட்டரு, அப்ப நம்பறேன்.

ரெண்டு லச்சத்துப் பதினாலாயிரம் ஓடியிருக்குது. இருக்கட்டுங்க. வண்டின்னா ஓடத்தான் செய்யும், கட்டி வெச்சுப் பூசையா பண்ணுவாங்க? பேட்டரி மாத்துனதுக்குக் காயிதம் இருக்குதுங்களா? ஊட்டுல இருக்குதா. எல்லாரு காயிதமும் ஊட்டுலதான் இருக்குது. சரி, அது கெடக்கட்டும்.

எனக்கில்லீங்க. இந்தச் சின்னமுத்துக்கு எதுக்குக் காரு? மொளகுக் காட்டுக்குப் போறது ஒத்தயடிப் பாத, அதுல காரு போவுமா? மருமவன் கோகுல்நாத்துக்குத்தான். அருவி பாக்க வர்றவங்கள ஏத்தி எறக்கறானாம். அப்பா பாத்துச் சரின்னா வாங்கலாம்னு எம்மவ வித்யாஸ்ரீ சொல்லிச்சாம். அவங்கிட்டச் சொல்லிச்சு. எங்கிட்ட அது பேசறதில்லீங்க, ரெண்டு வருசமாச்சு. நம்பிச் சொல்லிச்சா, குத்திக்காட்டச் சொல்லிச்சான்னு தெரியல.

இப்ப எஞ்சின் நின்னுருச்சுங்களா? எறக்கத்துல பெட்ரோலு இல்லாம பேட்டரிதானா. ஆமாங்க, சத்தமே இல்ல. நீங்க போன்லயே பெருமையாச் சொன்னீங்களே, பூன மாதிரி வரும்னு. அதக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.

இப்ப அந்த வளைவுல நீங்க ஆரன் அடிக்கல. கொற சொல்லலீங்க. வண்டியில சத்தமில்லாட்டி, நாம வர்றது நமக்கே தெரியறதில்ல பாருங்க.

எங்களுக்கு ரோடுன்னா காதுங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு கண்ணுக்குத் தெரியுமா? பாத ரோட்டக் கடக்கற எடத்துல நிப்போம். தலச்சொமையக்கூட எறக்க மாட்டோம், காத மட்டும் குடுப்போம். கெழங்கு லாரின்னா ரெண்டு வளைவுக்கு மேலயே மொனகும். பால் வண்டியில கேன் உருளும். எம்பொண்டாட்டி மாதம்மாளு பஸ்ஸ ஆரு ஓட்டறாங்கன்னே சொல்லிப்போடுவா. கியரு மாத்தறதக் கேட்டுட்டு, ராசப்பன் வாராரு, காலங்காத்தால ஊட்டுல சண்டையாட்டம் இருக்குதும்பா. நெசமாலுமே சண்டையாத்தான் இருக்கும்.

நான் கூப்புட்டா மட்டும் கேக்காதுங்க அவளுக்கு. தண்ணி கொண்டாம்பேன். அசைய மாட்டா. செவுடு, செவுடுன்னு கத்துவேன். முப்பது வருசம் அதையேதான் சொன்னேன். ஊருல எவன் கேட்டாலும் அதுதான். ஏம்பா, உம்பொண்டாட்டி வருலியான்னா, அவளுக்கெங்க காது கேக்குதும்பேன். எல்லாருஞ் சிரிப்பாங்க. அவளுஞ் சிரிப்பா.

நிறுத்துங்க. இங்கதான், அறுவத்தெட்டாவது வளைவு, போர்டு தெரியுது பாருங்க. இல்லீங்க, வண்டி புடிக்கலேன்னு சொல்லல. ஒரே ஒரு சோதன பாக்கோணும். நான் எறங்கிக்கறேன். நீங்க மேல போயித் திருப்பிட்டு, இப்ப வந்தாப்புலயே எஞ்சின் இல்லாம எறங்கி வாங்க. ஆரன் அடிக்காதீங்க. நான் கண்ண மூடிட்டு இந்தச் செவுத்தோரமா நிக்கறேன். பயப்படாதீங்க, ரோட்டுக்கு வர மாட்டேன்.

எதுக்குன்னா கேக்கறீங்க?

இங்க மாதம்மாள அடிச்சது இதே மாதிரி வண்டிதானுங்க. வெளியூருக்காரரு. கெட்ட மனுசன்னு சொல்ல முடியாது, நிறுத்துனாரு, அவளத் தூக்கிப் போட்டுட்டு ஆசுபத்திரிக்குக்கூடப் போனாரு. போற வழியிலயே முடிஞ்சிருச்சு. நான் ஆரன் அடிச்சேன், அந்தம்மா திரும்பவே இல்லன்னாரு. மேல ஆடு மேச்சுட்டிருந்த பாப்பாத்தி, ஆரனுங் கேக்கல, வண்டிச் சத்தமுங் கேக்கலன்னா. வண்டிச் சத்தமே கேக்காதவளுக்கு ஆரன் எங்க கேட்டிருக்கப் போவுதுன்னு போலீசுல அவ பேச்சத் தள்ளிட்டாங்க. சத்தமில்லாம ஒரு வண்டி வரும்னு இங்க எவனுக்குத் தெரியும்? எனக்குந் தெரியாது.

ஸ்டேசன்ல எழுதறவரு எங்கிட்டக் கேட்டாருங்க. ஏனுங்க பெரியவரே, அந்தம்மாளுக்குக் காது எப்படின்னு. நல்லாத்தான் கேட்டாரு, மரியாதையா ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு. எனக்கு வாயில வேற எதுவும் வருல. முப்பது வருசமாச் சொன்னதுதான் வந்துச்சு. அவளுக்கெங்கீங்க காது கேக்குதுன்னேன். அன்னிக்கு ஆரும் சிரிக்கல. அவரு எழுதிக்கிட்டாரு. காது மந்தம். படிச்சுக் காட்டுனாரு. நானும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

எம்மவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. அம்மாளுக்காப்பா காது கேக்காதுன்னு. அதுக்கப்பறம் எதுவுங் கேக்கல.

மேல போங்க சதீஷ்குமாரு. நீங்க வர்றது எங்காதுல வுழுந்துச்சுன்னா மருமவனுக்கு இந்த வண்டியையே பேசி முடிச்சுக்கலாம். வுழுகலீன்னா மன்னிச்சுக்கோங்க, வண்டி வேண்டாம். என்ன மட்டும் எம்மவ ஊட்டு வாசல்ல எறக்கி வுட்டுட்டுப் போயிருங்க. நான் கையெழுத்துப் போட்ட ஸ்டேசன் காயிதத்துல இருக்கறது பொய்யின்னு அதுகிட்ட என் வாயாலயே சொல்லோணும்.

போங்க. கண்ண மூடிட்டேன்.