அட்டையில் நாடி நூற்றுப் பத்து

வாக்குமூலம் கொடுப்பவர்: பெண், வயது முப்பத்து நான்கு. பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை இத்தாளின் தலைப்பில் ஆய்வாளர் எழுதிக்கொண்டபடி சரி. என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வரவில்லை. என்னோடு படிக்கும் எட்டுப் பேர் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று சொல்வதற்காக நானாகவே இன்று காலை பத்தரை மணிக்கு நிலையத்துக்கு வந்தேன்.

நான் துணிக்கடையில் ஒன்பது வருடம் பில் போட்டவள். கடைக்கு வந்த ஒருவர் சுருண்டு விழுந்தபோது கூட்டத்தோடு நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த வெட்கத்தில்தான் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தேன். பயிற்சி பதினாறு வாரம். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாய்ப்பு, இரண்டிலும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தேர்வில் நோயாளியாகப் படுப்பவர் பயிற்சி நிலையத்தின் பொருளறைக் காப்பாளர், வயது ஐம்பத்தேழு. எல்லோருக்கும் அவர் ‘ஹீரோ மாமா’. கால் முறிந்தவராகப் படுத்தால் வாசல்வரை கேட்க அலறுவார். மயங்கியவராகப் படுத்தால் கிள்ளினாலும் அசைய மாட்டார், அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. நன்றாக இருக்கும் மனிதரின் நாடியை எண்ணிப் பயனில்லை என்பதால், மாணவர் அவர் கழுத்தில் விரல் வைத்து நாடி என்ன என்று கேட்க வேண்டும், பயிற்றுநர் கையிலுள்ள அட்டையைப் பார்த்துச் சொல்வார். அட்டை சொல்வதுதான் அங்கே உண்மை. முதல் தேர்வில் அட்டை நாடி இல்லை என்றது, என் விரலுக்கடியிலோ மாமாவின் நாடி ஜம்மென்று துடித்தது. இருக்கிறதே சார் என்று வாதாடினேன். மாமா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் தோற்றேன்.

அதன் பிறகு சென்ற மாதம் பதினான்காம் தேதி காலை இரண்டாம் தேர்வு நடந்தது. மூன்றாவதாக என்னை அழைத்தபோது மணி ஒன்பது நாற்பது. மாமா பாயில் படுக்குமுன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சீக்கிரம் முடிச்சு விடும்மா, நெஞ்சு என்னமோ கரிக்குது” என்றார். காலையில் ஒரு பிடி பிடித்திருப்பீர்கள் என்று நான் கேலி செய்தேன். ஏணியிலிருந்து விழுந்து நினைவிழந்தவராக அவர் படுத்தார். பயிற்றுநர் கதவருகே அட்டையோடு நின்றார். தேர்வு நடத்துபவர் நோயாளியைத் தொடக் கூடாது என்பது விதி. அதன் பிறகு நான் மண்டியிட்டு, தோளைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டு, இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். துடிப்பு இல்லை. விரலைச் சற்றுத் தள்ளி வைத்தேன். அங்கும் இல்லை.

நிஜமாகவே யாருக்காவது ஏதாவது ஆனால் ‘நிஜம்’ என்று கத்த வேண்டும், தேர்வு அங்கேயே நின்றுவிடும் என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எனக்கு நேர் எதிரே இருந்தது, படித்தேன். கத்தவில்லை. நாடி என்ன சார் என்று கேட்டேன். அவர் அட்டையைப் பார்த்து நூற்றுப் பத்து என்றார். நானும் உரக்க, “நாடி நூற்றுப் பத்து” என்றேன்.

அதன் பிறகு கழுத்துப் பட்டை மாட்டினேன், நெற்றிக்குக் கட்டுப் போட்டேன். அவர் தலை என் கையில் கனத்தது. உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது, ஆனால் இந்த முறையும் சிரிக்க விடக் கூடாது என்ற வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. பலகைக்கு மாற்ற உதவிக்கு வந்த, முன்பு லாரி ஓட்டிய சக மாணவர்தான், “மாமா கை சில்லுன்னு இருக்கு” என்றார். அப்போது தேர்வுக் கடிகாரத்தில் மூன்று நிமிடம் பத்து விநாடி. பயிற்றுநர் அட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். அறையில் இருந்த, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி பயிற்சிக்கான பொம்மைக் கருவி. நிஜக் கருவி பொருளறையில் பூட்டியிருந்தது, சாவி மாமாவின் இடுப்பில் இருந்தது. நான்தான் அதை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். கருவி இரண்டு முறை அதிர்ச்சி கொடுத்த பிறகு நாடி திரும்பியது. நினைவு திரும்பவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் இறந்துபோனார்.

நாடி இல்லை என்று நான் கத்தியதாகவும், அட்டைப்படி செய் என்று பயிற்றுநர் அதட்டியதாகவும் எட்டுப் பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்காகத்தான் செய்தார்கள். நீயும் அதையே சொல்லிவிடு, சான்றிதழ் தப்பிக்கும் என்றார்கள். பயிற்றுநரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், வழக்கும் அவர் மேல்தான் வரும் என்கிறார்கள். அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, அந்தத் தவறு அவருடையது. ஆனால் நான் கத்தவில்லை, அவர் அதட்டவுமில்லை. நான் எழுப்பாத குரலை அவர் எப்படிக் கேட்டிருக்க முடியும்?

இன்னொன்றும் எழுதிக்கொள்ளக் கேட்டேன். மாமா இறந்த அன்று மதியம், உயிர் பிரிவதற்கு முன், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, “நீ தொட்டுப் பார்த்தப்ப துடிப்பு இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். “இருந்துச்சும்மா” என்றேன். அப்படியென்றால் யார் மேலும் குற்றமில்லை, விதி என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் கையை எடுக்கவில்லை.

இதனால் எனக்கு என்ன நேரும் என்பதை ஆய்வாளர் விளக்கிச் சொன்னார், புரிந்துகொண்டேன். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வரியும் கூட்டவோ குறைக்கவோ இல்லை, அத்தனையும் நிஜம். இதன் நகல் இறந்தவரின் மனைவிக்கும் போகும் என்றார். நகல் போவதற்கு முன் நானே நேரில் போய்ச் சொல்லிவிட இன்று ஒரு நாள் அவகாசம் கேட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)