குருசுக்குப்பத்துச் சக்கரக் கப்பல்

— கப்பல இன்னும் கொஞ்சம் தள்ளுங்க மேஸ்திரி. கதவு பயந்துபோயி தானா அகலமாயிடும்.

— சிரிக்காத சுமலதா. அளவு சரியாதான் எடுத்தேன்.

— எடுத்தீங்க, ஒடம்ப மட்டும். ரெண்டு பக்கமும் சக்கரம் நீட்டிக்கினு நிக்குதே, அத யாரு அளக்கறது?

— குருசுக்குப்பத்துல பொறந்து வளந்தவன் நானு. நான் பாத்த போட்டுக்கெல்லாம் ஒடம்புதான். பக்கத்துல எதுக்கு சக்கரம்?

— இது என்ன மீன் புடிக்கவா போச்சு? பிரெஞ்சுக்காரன் காலத்துல வியட்நாம்ல, சைகோன் ஆத்துல ஓடுன கப்பலு மாதிரி செஞ்சது. ஆழமில்லாத தண்ணியில சக்கரம் சுத்திதான் போவுமாம். போட்டோவ குடுத்தப்பவே மாப்ள வூட்ல சொன்னாங்களே.

— மாப்ளயோட பாட்டனுக்குப் பாட்டன் அதுல கேப்டனாமே.

— கரி அள்ளிப் போட்டவராம். அவுங்க அத்தையே சொல்லிட்டாங்க. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவருக்குப் பதவி ஏறுது.

— ஞாயித்துக்கெழம கல்யாணத்துல பொண்ணும் மாப்ளயும் இந்த பிளைவுட் கப்பல்ல ஏறிதான் மேடைக்கு வரணும். மூலக்குளம் மண்டபத்துக்கு இத எப்டி கொண்டுபோறது?

— மண்டபத்த இங்க கூட்டியாந்துடுங்க.

— ஒனக்கென்ன. இதான் கடைசி வேலன்னுட்ட. கப்பலு வெளிய போனதும் காரைக்கால் பஸ் ஏறிடுவ. அக்கா கடையில பெயின்ட்டு வேல காத்துக்கினு கெடக்கு.

— ஏறத்தான் போறேன். இத்தினி வருசமா இந்த ஷெட்ல பெயின்ட்ட மோந்தாச்சு. இருந்துடுன்னு சொல்ல ஆளா இருக்கு?

— அத சொல்ல நான் யாரு?

— அதான. நீங்க அளக்கறதோட சரி. அதுவும் தப்பா.

— கிண்டல் பண்ணு, பண்ணு. நீ போயிட்டா இங்க கிண்டல் பண்ணக்கூட ஆளிருக்காது. அத நெனச்சாதான் ஒரு மாதிரியா இருக்கு.

— இத பஸ்காரன்கிட்ட சொல்லுங்க. டிக்கெட்டு குடுக்காம எறக்கி வுட்ருவான்.

— சரி வுடு. அந்த ஸ்பேனர எடு. சக்கரத்தக் கழட்டி தனியா ஏத்திடலாம், நாலு போல்ட்டுதான. மதியத்துக்குள்ள வண்டி கெளம்பிடும். நீயும் கெளம்பலாம்.

— போல்ட்டு இல்ல.

— இல்லன்னா? மாட்டச் சொல்லி ஒங்கையிலதான குடுத்தேன்.

— குடுத்தீங்க. டப்பாவுல அப்படியே கெடக்கு. நான் பசை பூசி, உள்ளேருந்து ஆணி அடிச்சி வுட்டுட்டேன்.

— அய்யோ, பிச்சி எடுக்கவே ரெண்டு நாளாவுமே. வாசல்ல இடிக்கும்னு தெரியாமப் போச்சே ஒனக்கு.

— தெரியும் மேஸ்திரி. வாசல நான் அளந்துட்டுதான் ஆணி அடிச்சேன்.