புது டப்பாவில் பழைய மாவு

உருளைக்கிழங்கைச் சூடாக இருக்கும்போதே மசிக்க வேண்டும் மேடம். ஆறினால் கட்டி தட்டும். அந்தக் கட்டி என் தங்கையின் வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு மறுநாள் மத்தியானம் வாந்தியில் அப்படியே வெளியே வரும். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பதினேழு வருஷம் அவளுக்குச் சமைத்து நானாகத் தெரிந்துகொண்டது.

அவளுக்கு இரைப்பை மந்தம். சாப்பிட்டது கீழே இறங்க அரை நாள் ஆகும். அதற்கும் கீழே குடலில் புண். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் முன்னறையில் திரைச்சீலை தைக்கிறேன். அவள் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவள். அவள் விடும் ஏப்பத்தை வைத்தே அன்றைக்கு என்ன சமைப்பது என்று முடிவு செய்வேன். கடையிலிருந்து போன் செய்வாள். "அக்கா, ரெண்டு பிஸ்கட் சாப்பிடட்டுமா?" காலையில் வயிறு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, "ஒண்ணு போதும்" என்பேன். ஒன்றுதான் சாப்பிடுவாள்.

போன வருஷக் கடைசியில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. குடல் புண்ணுக்காகச் சாப்பிட்ட மாத்திரை இழுத்துவிட்டது என்றார் டாக்டர். "பட்ட காலிலேயே படுதேக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அன்றைக்கு வருத்தமாக இல்லை. இரண்டு வியாதிக்கே நான் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட மாட்டாள். இப்போது மூன்று.

ஆனால் கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாள். என் தங்கையை விடச் சின்னவள். சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரி என்பதால் என் தங்கை அவளுக்கு டீச்சர் என்று பேர் வைத்தாள்.

சிக்கல் என்னவென்றால், சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லும் பச்சைக் காய்கறி, தவிட்டு ரொட்டி எல்லாம் குடல் புண்ணைக் கிளறிவிடும். குடலுக்கு இதமான மசித்த கிழங்கும் வெள்ளை ரொட்டியும் சர்க்கரையை ஏற்றிவிடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த நர்ஸ் உட்கார்ந்து யோசித்து வழி கண்டுபிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. தோலும் விதையும் எடுத்து வேகவைத்த காய். வயிறு மந்தம் என்பதால் இன்சுலின் ஊசி சாப்பாட்டுக்குப் பிறகுதான், சாப்பிட்டது தங்குகிறது என்று தெரிந்த பிறகு. உடம்பு தேற டாக்டர் கொடுத்திருந்த சத்து மாவை மட்டும் மாற்றச் சொன்னாள். சர்க்கரை சேர்க்காத வேறு மாவு, பச்சை டப்பாவில் வருவது.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் ஐந்து நொடியில் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி அவள் உடம்புக்குள் நடப்பதைச் சொல்லிவிடும். எனக்குப் பதினேழு வருஷம் ஆனது.

இரண்டு மாதத்தில் அவள் முகம் தெளிந்தது. இடுப்பில் பாவாடை நிற்க ஆரம்பித்தது. வாய்க்கு வாய் "டீச்சர் சொன்னாங்க." ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது தடவை. பிஸ்கட்டுக்காக என்னைக் கூப்பிடுவது நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கிழங்கு மசித்தாள், ஆறவைத்து, கட்டி கட்டியாக. நான் மறுநாள் மத்தியானம் வரை காத்திருந்தேன். வாந்தி வரவில்லை.

"ஏன்க்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் நல்லா இருக்கேன்ல, அதான் உனக்குப் பொறுக்கலயா?" என்று சிரித்தாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் பச்சை டப்பாவைக் காலி செய்து, பழைய மாவை அதில் கொட்டினேன். விஷம் ஒன்றும் இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்து அவள் ஆறு வருஷம் குடித்த அதே மாவு. நிறமும் வாசனையும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு நாலு தடவை அவளே கலக்கிக் குடித்தாள்.

சர்க்கரை ஏறியது. அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், இன்னும் ஏறியது. நர்ஸ் முதலில் தட்டிக்கொடுத்தாள், அப்புறம் குரல் மாறியது. "யாருக்கும் தெரியாம ஏதாச்சும் திங்கிறீங்களா? மறைக்காம சொல்லுங்க." என் தங்கை அவமானத்தில் குறுகிப்போனாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "அவ அப்படிப்பட்டவ இல்லம்மா" என்று அவளுக்காகப் பரிந்து பேசினேன். ஊசி மருந்தை எட்டு யூனிட்டிலிருந்து பதினொன்றாக்கினார்கள். பிறகு பதினாறு. அந்த எண்களை நோட்டில் எழுதியது நான்.

ஐந்தாவது வாரம் அவள் நோட்டை என் மடியில் போட்டாள். "என்னால ஆகலக்கா. எனக்குத் துப்பில்ல. பழையபடி நீயே பாத்துக்கோ."

அதைவிட நல்ல நாள் எனக்கு அமைந்ததில்லை. மறுநாள் காலையில் பழைய மாவைக் கொட்டிவிட்டு, சரியான மாவை டப்பாவில் நிரப்பினேன். என்னிடம் திரும்பி வந்தவளுக்கு நான் எதற்குக் கெடுதல் செய்யப் போகிறேன்?

ஊசியைக் குறைக்க மறந்துவிட்டேனா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. ஊசிப் பேனாவில் பதினாறு என்று திருகிவைத்து அவள் கையில் கொடுத்தது நான்தான். மாவு மாறியதும் அது அதிகம் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை இறங்கி லேசாகக் கிறுகிறுக்கும், நான் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன், "நீ இல்லேன்னா நான் அவ்வளவுதான்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்வாள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவள் ஊசி போட்டுக்கொள்ளும்போதே டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து வைத்துவிட்டேன்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. டம்ளரோடு போய் அவள் முன்னால் நின்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நாக்கு குழறியது, ஆனாலும் தெளிவாகத்தான் கேட்டது.

"டீச்சருக்குப் போன் போடு."

நான் டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய திரைச்சீலையில் பன்னிரண்டு மடிப்பு பாக்கி இருந்தது. ஏழாவது மடிப்பில் "அக்கா" என்று ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. பன்னிரண்டும் முடித்து, நூலைக் கத்தரித்து, அதற்குப் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

உயிர் இருக்கிறது. கண் திறந்திருக்கிறது. ஆளைத் தெரியாது, இனிமேல் தெரியவும் தெரியாது என்கிறார்கள்.

இதையெல்லாம் நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். ஊசி அளவைப் பற்றி அந்த நர்ஸை விசாரிக்கத்தானே வந்தீர்கள். எனக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் எண்ணம். ஆனால் நேற்று அந்த நர்ஸ் வார்டுக்கு வந்தாள். என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான், எல்லாம் என்னாலதான்" என்று தேம்பித் தேம்பி அழுதாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் தேற்றினார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

இவள் யார் மேடம் அப்படிச் சொல்ல? என் தங்கைக்கு நடந்ததில் அவளுக்கு ஒரு பங்கும் கிடையாது. செய்தது நான். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நான் ஒருத்தி மட்டும்தான். எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் பேர் அதில் ஓரிடத்திலும் வரக் கூடாது.