கதவுக்கு நடுவுல ஒரு செருப்பு

கதவைச் சாத்துங்க, இல்லன்னா அந்தம்மாவை வெளியில உக்காரச் சொல்லுங்க, லிஃப்ட் சத்தத்துல மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. இதானே சொன்னாரு அந்தக் கண்ணாடிக்கடைக்காரர்? என் காதுல விழணும்னே சொன்னாரு, விழுந்துச்சு. ஒரு வார்த்தை பிசகல, பாத்தீங்களா? உங்களைத் தூது அனுப்பிட்டு அவர் கீழ போய் நிக்கிறாரு. எதிர்ல நின்னு சொல்ல வாய் இல்ல. மூச்சை இழுத்து விடும்போது மட்டும் மாடி முழுக்கக் கேக்குது, குக்கர் மாதிரி.

சிரிக்காதீங்க மிஸ். சிரிச்சுட்டா அப்புறம் என்னை வெளிய அனுப்புறது உங்களுக்குக் கஷ்டமாயிடும்.

மிஸ்னு கூப்பிட்டா கூச்சமா இருக்கா? என்ன பண்றது, கான்வென்ட்ல படிச்ச நாக்கு. முன்னால நின்னு யோகா சொல்லிக் குடுத்தாலும் சரி, கணக்கு சொல்லிக் குடுத்தாலும் சரி, மிஸ்தான். வயசு என் பொண்ணு வயசா இருந்தா என்ன?

செருப்பா? ஆமா, என்னோடதுதான். எல்லாரும் வெளிய ஸ்டாண்டுல விட்டுட்டு வர்ற இடத்துல நான் மட்டும் ஒத்தச் செருப்பை உள்ள கொண்டாந்து கதவுக்கு அண்டக் குடுத்திருக்கேன். அசிங்கம்தான், ஒத்துக்கிறேன். நாளைக்கு ஒரு மரத்துண்டு கொண்டாரேன், கழுவித் துடைச்சு. ஆனா கதவு திறந்துதான் இருக்கும். அதுல பேச்சே இல்ல.

அதெல்லாம் இல்லம்மா, மூச்சு முட்டல. அடைச்ச ரூம்னா பயமும் இல்ல. பாத்ரூமைச் சாத்திட்டுத்தானே குளிக்கிறேன்!

காரணம் சொன்னாத்தான் விடுவீங்க போல. சரி, உக்காருங்க. நின்னுக்கிட்டே கேட்டீங்கன்னா எனக்கு ஸ்டாஃப் ரூம் ஞாபகம் வருது.

நான் இதுக்குப் புதுசு இல்ல. வீட்லயே பதினோரு மாசம் பண்ணினவ. பிரஷர். மாத்திரை பாதி வேலைதான் பார்க்கும், மீதியை நீங்கதான் பார்க்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குக் கோவம் வந்தா நான் பேச மாட்டேன், சமையக்கட்டுல பாத்திரம் பேசும். எங்க வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறவர். அந்த வண்டியில அவர் உக்கார்ற பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்ல? ஊர்ல யாரு ஓட்டினாலும் நிறுத்திடுவேன், வீட்ல ஓட்டுற வண்டிக்குத்தான் என் பக்கம் பிரேக் வைக்காம விட்டுட்டாங்கன்னு சொல்லுவாரு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு.

சின்ன ரூம்ல தையல் மிஷினை ஓரமாத் தள்ளிட்டுப் பாய் விரிச்சேன். காலைல ஆறுலேந்து ஆறு நாப்பது. கொஞ்சம் ஆசனம், அப்புறம் தியானம். ஃபோன்ல ஒரு குரல் சொல்லும், நான் செய்வேன். இவர் விட்டாத்தானே? கதவைத் திறந்து தலையை நீட்டுவாரு. சர்க்கரை டப்பா எங்க? சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு, அதோட ஜோடி எங்க? இருபத்தாறு வருஷமா சர்க்கரை டப்பா அதே அலமாரியில இருக்கு மிஸ். அதுக்கு ஒண்ணும் கால் முளைக்கல.

ஒரு நாள் பிடிச்சு உக்கார வச்சுச் சொல்லிட்டேன். எங்க ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் ரூமுக்கு ஒரு சட்டம் உண்டு. ரெண்டு தடவைதான் தட்டணும். பதில் வந்தா உள்ள போகலாம், வரலைன்னா வெளியில காத்திருக்கணும். மூணாவது தடவை தட்டினா முட்டி போட வேண்டியதுதான். அதே சட்டம் இனிமே இந்த ரூமுக்கும்னேன். வீடு பத்திக்கிட்டாலும் ஆறு நாப்பதுக்கு வந்து சொல்லுங்கன்னேன். இதே வார்த்தை. உடனே மனுஷன் விறைப்பா நின்னு ஒரு சல்யூட். சரிங்க சிஸ்டர்னாரு.

அதுலேந்து தலையை நீட்டவே இல்ல. இருபத்தாறு வருஷத்துல நான் சொன்னதுல அந்த ஒண்ணைத்தான் அட்சரம் பிசகாமக் கேட்டாரு.

கடைசிப் பத்து நிமிஷம் நீங்க சொல்றீங்கல்ல, எந்தச் சத்தம் வந்தாலும் அதுக்குப் பேர் வைக்காதீங்க, வரும், போகும், விட்டுடுங்கன்னு? அந்த ஃபோன் குரலும் அதையேதான் சொல்லும். எனக்கு அது வரவே வராது. குழாய் சொட்டினா பிளம்பர் ஞாபகம் வரும், பிளம்பர் ஞாபகம் வந்தா அவன் சொல்லிட்டு வராமப் போன நாளெல்லாம் வரிசையா வரும். கண்ணை மூடிக்கிட்டுச் சண்டை போடுறதுக்குப் பேர் தியானமா?

ஒரே ஒரு நாள் கூடி வந்துச்சு. நிஜமா. முதுகு வலிக்கல, முட்டி வலிக்கல. மூச்சு பாட்டுக்குப் போய்ட்டு வந்துச்சு, நான் சும்மா அது பக்கத்துல உக்காந்திருந்தேன். அப்போ டொக், டொக்னு ரெண்டு சத்தம். கோவமே வரல மிஸ்! பேர் வைக்கல. வந்துச்சு, போச்சு. அப்புறம் செவுத்துல துணி உரசுற மாதிரி ஒண்ணு. அதுவும் வந்துச்சு, போச்சு. உள்ளுக்குள்ள ஒரு பெருமை, பரவாயில்லடி, தேறிட்டேன்னு. கண்ணைத் திறந்தா ஆறு நாப்பத்திரெண்டு. இன்னைக்கு நீங்க தட்டினீங்க, நான் திட்டவே இல்ல பாத்தீங்களான்னு அவர்கிட்ட சொல்லணும்னு எழுந்து போனேன்.

கதவுக்கு வெளிய, செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. டிரைவிங் ஸ்கூல் சட்டை, பாதி பட்டன் போட்டபடி. வாட்சைக் கழட்டிக் கையில வச்சிருந்தாரு. மணி பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. மாரடைப்பு, கால் மணி முன்னால கொண்டாந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. மூணாவது தடவை தட்டல மனுஷன்.

ஆச்சு, வர்ற மாசம் வந்தா ரெண்டு வருஷம்.

அப்புறம் எதுக்கு இங்க வர்றேன்னு நினைக்கிறீங்க. அந்த ரூம்ல பாய் விரிக்க முடியல. விட்டுடவும் முடியல. அந்த நாப்பது நிமிஷம் நல்லா இருந்துச்சு மிஸ். அந்த மாதிரி நிம்மதி எனக்கு அதுக்கு முன்னால கிடைச்சதில்ல, பின்னாலயும் இல்ல. இதை எங்க போய்ச் சொல்ல? என் பொண்ணுகிட்டயா சொல்ல முடியும்?

அட, நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கிறீங்க? கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட இதெல்லாம் வேண்டாம். அந்தம்மாவுக்கு மூச்சுத் திணறல்னு சொல்லிடுங்க. பாவம், அவரும் ஏதோ நிம்மதி தேடித்தானே வர்றாரு. ஜன்னல் பக்கம் உக்காரட்டும், அங்க லிஃப்ட் அவ்வளவாக் கேக்காது.

ஒண்ணே ஒண்ணு மட்டும். நாளைக்கு அந்தச் சத்தம் வரும், போகும்னு சொல்லுவீங்கல்ல, அது பின்னாடியே இன்னொரு வரி சேர்த்துக்கோங்க. யாராவது கதவைத் தட்டினா மட்டும் எழுந்து போய்ப் பாத்துட்டு வாங்கன்னு. அவ்வளவுதான். சொல்றீங்களா?

மிஸ்?

சொல்றீங்களா?