கொம்புக்குக் கிழக்கே

ஏரியைப் படம் எடுக்கப் போகிறவனுக்கு முதல் கவலை சாப்பாடுதான் ஐயா. வெளிச்சமெல்லாம் அப்புறம். காமிராவை விட்டு நகர முடியாது, அந்தப் பொட்டலில் ஒரு டீக்கடையும் கிடையாது. யாராவது ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. எனக்கு முதஸ்ஸிர் கொண்டுவந்தான்.

என் பெயர் ஆசீர்வாதம். தண்டையார்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், ரேஷன் கார்டு, கல்யாணம் என்று பிழைப்பு ஓடுகிறது. ஏரி மட்டும் எனக்காக எடுப்பது. வள்ளூர் தாண்டி, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு முதுகைக் காட்டிக் காமிராவைக் கிழக்கே திருப்பிவிட்டால், படத்தைப் பார்க்கிறவர்கள் கொடைக்கானல் என்று சத்தியம் செய்வார்கள்.

என் முறை இது. ஒரு நாள், ஒரு ரோல், முப்பத்தாறு படம். காலை ஆறு இருபதுக்கு முதல் படம். பிறகு இருபது நிமிஷத்துக்கு ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி. முக்காலி ஒரு நூல் அசையக் கூடாது. விடியலில் அந்தத் தண்ணீர் சாம்பல் நிறம். உச்சி வெயிலில் தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு. நாலு மணிக்கு மேல் மஞ்சள் கரைத்த மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொள்வேன். ஐம்பது வயதில் இப்படியா என்று வெட்கமாகவும் இருக்கும்.

முதஸ்ஸிர் ராயபுரத்துக்காரன், அவனும் போட்டோக்காரன்தான். பதினோரு வருடப் பழக்கம். என் மகள் கல்யாணத்துக்கு ஒரு பைசா வாங்காமல் ஆல்பம் போட்டான். அந்த ஏரியை அவனுக்குக் காட்டியவன் நான்.

போன வருடம் காலண்டர் அச்சகத்து ஏஜெண்ட் திருமலையிடம் என் படங்களைக் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதே ஏரி, இதே எடம், ஏற்கெனவே ஒன்னு வந்துட்சே சார்" என்றார். யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போனபோது, நான் முக்காலி நிறுத்துகிற இடத்தில் ஈர மண்ணில் மூன்று குழிகள். என்னுடையவை எப்போதும் அதைவிட அகலம். வந்த ஆத்திரத்தில் அந்தக் குழிகளைக் காலால் மிதித்து மூடினேன். முதஸ்ஸிரிடம் மட்டும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்த்தேன். பை கொண்டுவந்தால் பைக்குள் என்ன என்று பார்த்தேன். ஒரு வருடம் அப்படித்தான் போனது.

இனி அந்தக் கொம்பு. பஸ் ரோடு தெற்குக் கரையில், நான் நிற்பது வடக்குக் கரை. மாசி மாதத்தில் நடுவே முழங்கால் தண்ணீர்தான், நடந்தே வந்துவிடலாம். ஆனால் ஓரிடத்தில் புதைசேறு. ஒரு எருமை அதில் புதைந்து போன பிறகு, ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற வேம்பு என்ற பெண் அங்கே சிவப்புத் துணி கட்டி ஒரு மூங்கில் கொம்பு நட்டுவைத்தாள். முதல் நாளே எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னாள்: "தோ பாரு நைனா, கொம்புக்குக் கெயக்கால, அத்த ஒட்னாப்லயே வரணும். மேக்கால கால வெச்ச, அவ்ளோதான்." அந்தப் பக்கத்தில் எல்லோரும் அந்தத் துணியைப் பார்த்துத்தான் நடப்பார்கள். கீழே யாரும் பார்ப்பதில்லை.

சம்பவத்தன்று பகல் பன்னிரண்டுக்குப் பதினெட்டாவது படம் எடுத்தேன். அடுத்ததற்கு இருபது நிமிஷம் இருந்தது. கொம்பு படத்தின் வலது மூலையில் வந்து உறுத்திக்கொண்டே இருந்தது. போய்ப் பிடுங்கி, இருபது தப்படி மேற்கே நட்டுவிட்டு வந்தேன். இதை முதல் நாள் விசாரணையிலேயே உங்களிடம் ஒப்புக்கொண்டேன். படத்துக்காகச் செய்தது, திரும்ப வைக்க மறந்துவிட்டேன் என்றேன்.

நாலு மணிக்கு முப்பதாவது படம். அப்போது முதஸ்ஸிர் எதிர்க்கரையில் இறங்கினான். ஒரு கையில் பிளாஸ்க், தலைக்கு மேல் சாப்பாட்டுப் பொட்டலம். "மாமு, பிரியாணி சூடா கீது, அந்தப் பொட்டியக் கொஞ்சம் மூடி வை" என்று கத்தினான். துணியை ஒட்டியே வந்தான்.

முதலில் சிரித்தான். அப்புறம், "மாமு, காலு வரமாட்டேங்குது" என்றான். அப்புறம் மாமுவையும் விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டான். என்னிடம் கயிறு இருந்தது, காமிராப் பெட்டியைக் கட்டுகிற கயிறு. போயிருந்தால் முக்காலி அசைந்திருக்கும். நாலு இருபதுக்கு முப்பத்தொன்றாவது படம் எடுத்தேன். அதில் வலது ஓரத்திலிருந்து ஒரு சின்ன அலைவளையம் உள்ளே வருகிறது. நாலு நாற்பதுக்குத் தண்ணீர் நன்றாக அடங்கிவிட்டது.

திருமலை சொன்ன அந்தப் பழைய படத்தை நேற்று கொண்டுவந்து காட்டினீர்கள். பின்னால் பெரம்பூர் ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை. அந்த மூன்று குழிகளும் அந்த ஆளுடையதாக இருக்கலாம். இருக்கட்டும்.

இன்று காலை என் ரோலைக் கழுவி, முப்பத்தாறு படங்களையும் இந்த மேசையில் வரிசையாக அடுக்கினீர்கள். முதல் பதினெட்டில் ஒன்றிலாவது கொம்பைக் காட்டு என்றீர்கள். நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை ஐயா. அது என் படத்துக்குள் வந்ததே இல்லை. அவன் நாலு மணிக்கு வருவான் என்று தெரிந்துதான் போய் நட்டேன்.

பிடுங்கி எறிந்திருக்கலாமே, எதற்கு இன்னோர் இடத்தில் நட்டாய் என்று ஸ்டேஷன் எழுத்தர் கேட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கொம்பு இல்லையென்றால் முதஸ்ஸிர் கரையிலேயே நின்று, எந்தப் பக்கம் வரட்டும் மாமு என்று என்னைத்தான் கேட்டிருப்பான். பதினோரு வருடப் பழக்கம் ஐயா, அவனிடம் என்னால் பொய் சொல்லியிருக்க முடியாது.