இந்தத் தடவை டகுமா ஜெயிக்க வேண்டும்

இல்லை போலீஸ் அக்கா, பூட்டு சிக்கிக்கொண்டது என்று நீங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்வதில்தான் எனக்குச் சங்கடம். அது நல்ல பூட்டு. விளையாட்டுச் சாமான் அறைக்கு எங்கள் வகுப்பில் நான்தான் பொறுப்பு. அதற்கு எண்ணெய் போடுவதும் நான்தான். ஒரு தடவைகூடத் தகராறு செய்ததில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். நீங்கள் காதல் மங்கா, அந்தப் படக்கதைப் புத்தகங்கள், படிப்பீர்களா? பள்ளிக்கூடக் கதை, ஒரு பெண், இரண்டு பையன்கள். ஒருவன் பக்கத்து வீட்டில் கூடவே வளர்ந்தவன். அவள் குடையை மறந்துவிடுவாள் என்று தெரிந்து இரண்டு குடை எடுத்து வருவான். இன்னொருவன் நடுவில் வேறு ஊரில் இருந்து வந்து சேருவான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் முடியைக் காற்றில் ஆடவிடுவான். அவ்வளவுதான் அவன் செய்கிற வேலை. கடைசியில் அவள் யாரோடு போவாள்? ஜன்னல்காரனோடுதான். நான் படித்த எல்லாவற்றிலும் அப்படித்தான். வாசகர் ஓட்டில் முதலிடம் கூடவே வளர்ந்தவனுக்கு, கதையில் மட்டும் அவன் தோற்பான். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

நான் நடுநிலைப் பள்ளியில் இருந்து மாதாமாதம் காத்திருந்து படித்த ஒன்று இந்த மே மாதம் முடிந்தது. அதிலும் அதேதான். அவன் சிரித்துக்கொண்டே "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சைக்கிளில் போகிறான். ஒரு முழுப் பக்கம் அவன் முதுகு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே மே மாதம் எங்கள் வகுப்பிலும் அது நடந்துகொண்டிருந்தது. சுமிரே எனக்கு முன் பெஞ்ச். டகுமா அவளுடைய பக்கத்து வீடு. ஏப்ரலில் யோகோஹாமாவில் இருந்து ஹயசே வந்தான். எங்கே உட்கார்ந்தான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"டகுமா, எனக்கு முட்டைச் சுருள் குடு," என்பாள் சாப்பாட்டு நேரத்தில்.

"உன் டப்பாவுலயே இருக்கேடி. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"உங்கம்மா பண்றதுதான் நல்லாருக்கும்."

"அப்போ எங்க வீட்டுக்கே வந்துடு."

சொல்லிவிட்டு அவன் காது சிவந்துவிடும். பின்னால் இருந்து நான் பார்ப்பேன். அவள் பார்க்க மாட்டாள். வாயில் அவன் வீட்டு முட்டை, கண் ஜன்னல் பக்கம். எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூலையில் சுமிரே என் காதில் சொன்னாள். "மிச்சிரு, யார்கிட்டயும் சொல்லாத. சனிக்கிழமை வாணவேடிக்கைக்கு ஹயசேகூடப் போறேன். யுகாத்தா கட்டிக்கிட்டு." யுகாத்தா, அந்தப் பூப்போட்ட கோடைக்காலப் பருத்தி உடை, அதைக் கட்டிக்கொண்டு ஒரு பையனோடு வாணவேடிக்கை பார்க்கப் போனால் அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் டகுமா முடிந்தான்.

எல்லா மங்காவிலும் ஓர் அத்தியாயம் இருக்கும். விளையாட்டுச் சாமான் அறையில் இரண்டு பேர் மாட்டிக்கொள்வார்கள். வெளியே வரும்போது காதலர்களாக இருப்பார்கள். தவறினதே இல்லை.

விடுமுறைக்கு முந்தைய நாள் கூட்டம் முடிந்ததும் ஜிம் தரைக்கு மெழுகு பூசுவார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். மெத்தைகளை நகர்த்த வேண்டும் என்று டகுமாவைக் கூப்பிட்டேன். பந்துகளைச் சரிபார்க்கச் சுமிரேவை அனுப்பினேன். இரண்டு பேருடைய போனும் வகுப்பில், பைக்குள். கதவைப் பூட்டிவிட்டு வெளியே நிழலில் உட்கார்ந்தேன். தகரக் கூரை. நம் குமகாயா ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும்.

முதலில் சிரித்தார்கள். பிறகு சுமிரே சொன்னாள், "டகுமா, நான் ஹயசேகூட வாணவேடிக்கைக்குப் போறேன். உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன்."

டகுமா ஒரு பந்தைத் தரையில் தட்டுவது கேட்டது.

"தெரியும்டி. மூஞ்சியிலயே ஒட்டியிருக்கே. நல்லா இரு."

அதே வசனம். சாவி என் கையில் இருந்தது. திறக்கத்தான் இருந்தேன். ஆனால் அந்த இடத்தில் திறந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும், மறுபடியும் அதே முதுகு. அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுப்பதுதான் நியாயமாகப் பட்டது.

அப்புறம் கதவைத் தட்டினான். "யாராவது இருக்கீங்களா? சுமிரே எந்திரிக்க மாட்டேங்கிறா." இந்த இடத்தில்தான் அவன் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும். நான் கேட் பக்கம் போய் காசு போடும் மெஷினில் ஜில்லென்று பார்லி டீ வாங்கிக் குடித்தேன். எனக்கும் வெயில்தானே.

திரும்பி வந்தபோது அவன் தட்டுவதை நிறுத்தியிருந்தான். உடற்பயிற்சிக்குத் தாண்டுகிற மரப்பெட்டியை உயரத்தில் இருந்த கம்பி ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டு அவளை அதன்மேல் ஏற்றியிருந்தான். கம்பிக்கு நடுவில் அவள் மூக்கு தெரிந்தது. கீழே நின்று தோளால் தாங்கிக்கொண்டு, சின்ன வயதில் இரண்டு பேரும் குளத்தில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் நின்று நின்று வந்தது. நான் படித்ததிலேயே அழகான காட்சி அதுதான். அதற்கு நடுவில் யார் கதவைத் திறப்பார்கள்? குரல் முழுக்க நின்றதும், அத்தியாயம் முடிந்தது என்று சாவியை ஆசிரியர் அறையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் காவல்காரர் வந்து திறந்தபோதும் அவன் தோள் அவளுக்குக் கீழேதான் இருந்ததாம். அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஹயசே ஆஸ்பத்திரிக்கு வந்தான். சுமிரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமை அவள் யுகாத்தா கட்டிக்கொண்டு டகுமா வீட்டுக்குத்தான் போனாள். கூட நானும் போனேன். வெளியே வாணம் வெடிக்கிறது, இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் அம்மா செய்த முட்டைச் சுருளை ஊதுவத்தி எரிகிற அவன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "இனிமே நான் உன்கூடத்தான் இருப்பேன்," என்றாள்.

பூட்டு செய்ததாம். பூட்டுக்கு இப்படி முடிக்கத் தெரியுமா? வேறு எந்தக் கதையிலும் ஜெயிக்காத அவன் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறான். நீங்களும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள். உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, உங்களுக்கும் ஆரம்பத்தில் இருந்தே டகுமாவைத்தானே பிடித்திருந்தது?